தீனித்தொட்டியிலிருந்து நுரையீரலுக்கு

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையில், பெருவழியை ஒட்டி இருக்கிறது உதியன்குளங்கரை. அங்கிருந்து உள்ளே பிரியும் ஊடுவழிகளில் ரப்பரும் வாழையும் மரச்சீனியுமாக இருக்கும் புரையிடங்களின் மூலையில் சில வீட்டுக்காரர்கள் வெண்பன்றி வளர்க்கிறார்கள். பாறசாலையிலேயே கேரளக் கால்நடைத் துறையின் பன்றி இனப்பெருக்கப் பண்ணை உண்டு. பன்றி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் பொதுவானது: குட்டிகளுக்கு ஊசி போடும் நாள். மிருகாசுபத்திரி டாக்டர் ஒவ்வொரு குட்டியாகப் பிடித்துத் தரச் சொல்வார். முதல் குட்டி அலறியதுமே மற்றவை கொட்டிலின் மூலைக்குப் பாயும். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கியவரின் சட்டை பாழாகும். அப்போது யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார்: "சாரே, இதைக் கஞ்சியில கலக்கிக் குடுக்கப்பிடாதா?"

நல்ல கேள்விதான். போலியோவுக்கு நாம் குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்துதானே விட்டோம்? ஆனால் போலியோ வைரஸ் வாய் வழியே நுழைந்து குடலில் பெருகுவது. வந்த வழியிலேயே காவல் வைப்பதில் வியப்பில்லை. பன்றிக் கொட்டிலில் பெருந்தொல்லை தருவதோ இருமலும் இளைப்பும். அவை நுரையீரலின் நோய்கள். உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு. வயிற்றுக்குள் போன மருந்து, அது போகவே போகாத நெஞ்சை எப்படிக் காக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி உலகின் பல ஆய்வுக்கூடங்கள் உழைத்திருக்கின்றன. விடை கிடைத்தும் இருக்கிறது, பாதி அளவுக்கு.

சுவர் இல்லாத கிருமி

பன்றிகளின் மூச்சு நோய்களுக்குக் காரணமான கிருமிகள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: மைக்கோபிளாஸ்மா ஹயோநிமோனியே. 1965-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. பன்றி வளர்க்கும் நாடுகளில் எல்லாம் இது இருக்கிறது என்றே சொல்லலாம்.

இது பன்றியை அநேகமாகக் கொல்வதில்லை. இரண்டரை, மூன்று மாதக் குட்டிகள் வறட்டு இருமல் இருமத் தொடங்கும். எழுப்பி ஓடவிட்டால் இருமல் கூடும். தின்பது குறையாததுபோலத் தெரியும். ஆனால் எடை ஏறாது. வளர்ப்பவருக்கு நட்டம் சாவில் அல்ல, தீனிக்கணக்கில் வருகிறது. அதனால்தான் பலர் இதை நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. 'மழைக்கால இருமல்' என்று விட்டுவிடுவார்கள்.

உள்ளே நடப்பது வேறு. மூச்சுக்குழாயின் உட்பரப்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உண்டு. அவை ஓயாமல் ஒரே திசையில் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். மைக்கோபிளாஸ்மா போய் ஒட்டிக்கொள்வது இந்த நுண்மயிர்களின் மேல்தான். ஒட்டியதும் அவை செயலிழக்கும், பிறகு உதிரும். சளி தேங்கும். தேங்கிய இடத்தில் பாஸ்சுரெல்லா போன்ற வேறு கிருமிகள் குடியேறும். உண்மையில் கேடு செய்வது பின்னால் வந்தவைதான். முதலில் வந்தது கதவைத் திறந்து வைத்தது.

இந்தக் கிருமிக்குப் புறச்சுவர் கிடையாது. பென்சிலின், கிருமியைச் சுவர் கட்டவிடாமல் செய்து கொல்லும் மருந்து. சுவரே இல்லாத கிருமியிடம் அதற்கு வேலை இல்லை. வேறு சில மருந்துகள் கேட்கும், ஆனால் நிறுத்தியதும் இருமல் திரும்பிவிடும். தடுப்பூசி இருக்கிறது, செத்த கிருமியால் செய்தது, தசையில் போடுவது. அது நுரையீரல் புண்ணைக் குறைக்கிறது. ஆனால் கிருமி நுண்மயிரில் வந்து ஒட்டுவதை அது தடுப்பதில்லை. ஊசி போட்ட பன்றியும் கிருமியைச் சுமக்கும், பக்கத்துப் பன்றிக்குக் கொடுக்கும்.

ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ரத்தத்தில் ஓடுபவை. கிருமி உட்கார்ந்திருப்பதோ மூச்சுக்குழாயின் உட்பரப்பில், உடலுக்குள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்னும்படியான ஓர் இடத்தில். அங்கே வேலை செய்ய, சளியோடு கசிந்து வரும் தனிவகை எதிர்ப்பொருள் வேண்டும். அதைச் சுரக்க வைக்க, உடலின் ஏதாவது ஒரு ஈரப் பரப்பின் வழியாகத்தான் பாடம் நடத்த வேண்டும். மூக்கு, வாய், குடல் எல்லாம் அப்படிப்பட்ட பரப்புகள். இவற்றைச் சளிச்சவ்வு என்போம்.

விழுங்கிய மாத்திரை, காத்த நெஞ்சு

வாய் வழியாக நெஞ்சு நோயைத் தடுக்க முடியும் என்பதற்குப் பெரிய சான்று மனிதர்களிடமே உண்டு. அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி முகாம்களில் கூட்டமாக மூச்சு நோயில் விழுவது வழக்கம். காரணம் அடினோ வைரஸ், முக்கியமாக அதன் 4-ஆம், 7-ஆம் வகைகள். 1971 முதல் அவர்களுக்கு இரண்டு மாத்திரைகள் கொடுத்தார்கள். மாத்திரைக்குள் இருந்தது உயிருள்ள அதே வைரஸ். வலுவைக் குறைக்கக்கூட இல்லை. மேலே இரைப்பை அமிலத்தில் கரையாத ஒரு பூச்சு, அவ்வளவுதான். மூக்கில் போனால் நோய் தரும் வைரஸ், பூச்சுக்குள் மறைந்து குடலில் இறங்கினால் சத்தமில்லாமல் பெருகி, தடுப்பாற்றலை மட்டும் தந்துவிட்டுப் போய்விடுகிறது.

1996-இல் தயாரித்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. 1999-இல் கையிருப்பு தீர்ந்தது. முகாம்களில் நோய் திரும்பியது. 2011-இல் மறுபடி மாத்திரை வந்தது, நோய் மறுபடி அடங்கியது. யாரும் திட்டமிடாமலே நடந்துவிட்ட இப்படியொரு சோதனை மருத்துவ வரலாற்றில் அபூர்வம்.

எப்படி நடக்கிறது இது? குடலின் சுவரில் ஆங்காங்கே தடுப்பணுக்கள் திரண்டிருக்கும் திட்டுகள் உண்டு. பன்றியின் சிறுகுடல் கடைசியில் இந்தத் திட்டு ஒன்று மீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கிறது. அங்கே ஒரு கிருமியை அடையாளம் கண்ட தடுப்பணுக்கள் நிணநீர் வழியாக ரத்தத்தில் கலந்து, உடலெங்கும் சுற்றி, சளிச்சவ்வு உள்ள இடங்களில் போய்த் தங்கும். மூச்சுக்குழாயும் அதில் ஒன்று.

இதைச் சொல்லும்போது பல நூல்கள் கொஞ்சம் உற்சாகம் கூடிப்போய், குடலும் நுரையீரலும் ஒரே வலை என்று எழுதிவிடுகின்றன. அவ்வளவு எளிதல்ல. குடலில் பாடம் கற்ற அணுக்களில் பெரும்பகுதி குடலுக்கே திரும்புகிறது. மூக்கிலும் தொண்டையிலும் கற்றவைதான் நெஞ்சுக்கு அதிகம் போகின்றன. ஆகவே பன்றிக்கு வாய்வழி மருந்து செய்பவர்களின் கண் குடலைவிடத் தொண்டையின் மேல்தான் இருக்க வேண்டும். பன்றியின் மேலண்ணத்தின் பின்பகுதியில், விழுங்குவதெல்லாம் உரசிக்கொண்டு போகும் இடத்தில், சிறுசிறு குழிகள் நிறைந்த அகன்ற உள்நாக்குச் சதை இருக்கிறது. டான்சில் என்று நாம் சொல்வது. அந்தக் குழிகளில் கிருமிகள் நாட்கணக்கில் தங்க முடியும். தங்கும்வரை பாடம் நடக்கும்.

செத்ததை ஏன் தின்னக் கொடுக்கக் கூடாது?

செத்த கிருமியைத் தின்றால் பெரும்பாலும் அது உணவுதான். இரைப்பை அமிலமும் குடல்நீரும் அதைச் சிதைத்துவிடும். தப்பித் தவறிக் கொஞ்சம் மிஞ்சினாலும் உடல் அதைப் பகையாகப் பார்க்காது. நாள்தோறும் மீனும் பயறும் முட்டையுமாக அயல்புரதங்கள் உள்ளே போகின்றன. ஒவ்வொன்றின் மேலும் உடல் படையெடுத்தால் சாப்பிட்டுப் பிழைக்க முடியாது. ஆகவே, வாயால் வரும் புரதத்தைப் பொறுத்துக்கொள்ளக் குடல் பழகியிருக்கிறது. உயிருள்ள கிருமி வேறு. அது ஒட்டுகிறது, பெருகுகிறது, சுவரைத் துளைக்கப் பார்க்கிறது. அப்போதுதான் காவல் விழிக்கிறது.

அப்படியானால் உயிரோடு இருக்க வேண்டும், நோய் தரக் கூடாது. கிருமியின் வலுவை இப்படிக் குறைப்பதை நலிவூட்டல் என்று வைத்துக்கொள்வோம். பன்றியைப் பொறுத்தவரை இதன் வரலாறு லூயி பாஸ்தரிடமிருந்து தொடங்குகிறது. 1880-களின் தொடக்கத்தில் பிரான்சின் பன்றிகளை ஒரு செந்நோய் வாரிக்கொண்டு போனது. தோலில் சாய்சதுர வடிவில் சிவந்த தடிப்புகள் வரும். எரிசிபெலஸ் என்பது இன்றைய பெயர். பாஸ்தரும் அவருடைய இளம் உதவியாளர் லூயி துய்யேவும் இந்தக் கிருமியைப் புறாவிலிருந்து புறாவுக்கு மாற்றிக்கொண்டே போனார்கள்; பன்றிக்கு அது கொடிதாயிற்று. முயலிலிருந்து முயலுக்கு மாற்றினார்கள். முயலுக்குக் கொடிதாகி, பன்றிக்குச் சாதுவாயிற்று. முயல் உடம்பில் வாழப் பழகப் பழக, பன்றி உடம்பில் வாழும் திறமை கழன்று போனது. 1883-இல் அதைத் தடுப்பூசியாக அறிவித்தார்கள். அதே ஆண்டு காலராவை ஆராயப் போன துய்யே அலெக்சாந்திரியாவில் காலராவுக்கே பலியானார்.

உதியன்குளங்கரைக் குட்டியின் ஊசியிலும் பாஸ்தரின் முயல் இருக்கிறது. பன்றிக் காய்ச்சலுக்கு (மனிதர்களுக்கு வந்து பேரைக் கெடுத்த 'பன்றிக் காய்ச்சல்' இதுவல்ல) இந்தியாவில் 1964 முதல் போடப்பட்டு வந்தது, முயலில் மாற்றி மாற்றி நலிவூட்டிய வைரஸ். ஒரு முயலைக் கொன்றால் ஏறத்தாழ 50 பன்றிகளுக்கான மருந்து கிடைக்கும். நாட்டின் தேவையோ ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேல். எத்தனை முயல் என்று கணக்குப் போட்டால் ஏன் மருந்து எப்போதும் தட்டுப்பாடாகவே இருந்தது என்பது விளங்கும். இஸ்ஸத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் முயல் இல்லாமல் செல் வளர்ப்பில் இந்த நோய்க்கு மருந்து செய்யும் முறையை 2020-இல் வெளிக்கொண்டு வந்தது.

ஒரு கிருமியின் உடம்பில் இன்னொன்றின் கை

இப்போது நம் இருமல் கிருமிக்கு வருவோம். மைக்கோபிளாஸ்மாவை நலிவூட்டித் தின்னக் கொடுத்தால் ஆகாதா? ஆகாது. அது நுண்மயிர் இருக்கும் இடத்தில் மட்டும் வாழத் தெரிந்த கிருமி. தொண்டையைத் தாண்டி வயிற்றில் விழுந்தால் முடிந்தது. சீனாவில் '168' என்ற வகையைப் பல ஆண்டுகள் வளர்த்து வளர்த்து நலிவூட்டி, உயிருள்ள மருந்தாக்கியிருக்கிறார்கள். ஆனால் அதை நெஞ்சுக்கூட்டின் வழியே நேராக நுரையீரலுக்குள் குத்திப் போட வேண்டியிருந்தது. பின்னங்காலில் ஊசி போடவே அஞ்சும் வளர்ப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜப்பானின் சுகுபா நகரில், தேசிய விலங்குநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யோஷிஹிரோ ஷிமோஜியும் உடன் பணியாற்றியவர்களும் வேறு வழி பிடித்தார்கள். தொண்டையில் தங்கத் தெரிந்த கிருமி எது? பாஸ்தர் கையாண்ட அதே எரிசிபெலஸ் கிருமி. நல்ல பன்றிகள் பலவற்றின் டான்சிலிலேயே அது குடியிருக்கிறது. ஜப்பானில் அதன் நலிந்த வகை ஒன்று 1970-களிலிருந்தே ஊசி மருந்தாகப் புழக்கத்தில் இருந்தது. புண்ணுக்குத் தடவும் மஞ்சள் சாயமான அக்ரிஃபிளேவின் கலந்த ஊடகத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்து நலிவூட்டியது அது. பன்றியின் உடலில் பல்லாண்டு சோதிக்கப்பட்ட, எரிசிபெலஸைத் தடுக்கும் என்று உறுதியான ஒரு கிருமி. இதையே வண்டியாக்கினால் என்ன என்பதுதான் யோசனை. இப்படிப் பிறிதொன்றின் பகுதியை ஏற்றிச் செல்லும் கிருமியைச் சுமப்பான் எனலாம்.

எதை ஏற்றுவது? முழு மைக்கோபிளாஸ்மாவை ஏற்ற முடியாது, தேவையும் இல்லை. நுண்மயிரைப் பற்றிக்கொள்ள அது பயன்படுத்தும் புரதம் ஒன்று உண்டு, பெயர் பி97. அதில் ஒரு பகுதியில் ஐந்தைந்து அமினோ அமிலங்களால் ஆன ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. பிடி அந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தத் துண்டுகள் போதிய எண்ணிக்கையில் இல்லாவிட்டால் ஒட்டுவதில்லை. ஆக, கிருமியின் கை அது. அந்தக் கையை உடல் முன்கூட்டியே அறிந்திருந்தால், நுண்மயிரைத் தொடும் முன்பே மடக்கிவிடலாம்.

பி97-இன் அந்தப் பகுதிக்கான மரபணுவை எடுத்து, எரிசிபெலஸ் கிருமியின் மேற்பரப்பில் இயல்பாக நிற்கும் புரதம் ஒன்றின் மரபணுவோடு ஒட்டினார்கள். இந்த ஒட்டுதான் கெட்டிக்காரத்தனம். தனியே விட்டால் பி97 கிருமிக்கு உள்ளேயே உருவாகி அங்கேயே கிடந்துவிடக்கூடும். மேற்பரப்புப் புரதத்தோடு சேர்த்துவிட்டால் அது வெளியே வந்து நிற்கும். தடுப்பணுக்களின் கண்ணில் படும்.

முதலில் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். பிறகு வாய் வழியாகக் கொடுத்தார்கள். அந்த முடிவு 2009-இல் வெளியானது. கொடுத்த சில வாரங்கள் கழித்துப் பன்றிகளுக்கு உண்மையான நோய்க்கிருமிகளைச் செலுத்தினார்கள். எரிசிபெலஸிலிருந்து அவை காக்கப்பட்டன. மைக்கோபிளாஸ்மா செலுத்தியவற்றின் நுரையீரலை அறுத்துப் பார்த்தபோது, மருந்து பெறாதவற்றைவிடப் புண் குறைந்திருந்தது. இல்லாமல் போகவில்லை, குறைந்திருந்தது.

இதை வெற்றி என்பதா? நான் வெற்றி என்றே சொல்வேன். வாயில் விட்ட ஒன்று நுரையீரலின் புண்ணைக் குறைத்தது என்பதே தொடக்கக் கேள்விக்கு விடை. ஆனால் இப்போதைய ஊசியும் புண்ணைத்தான் குறைக்கிறது. புதிது பழையதைவிட மேலாக இருந்தால் ஒழிய, மரபணு மாற்றிய உயிருள்ள கிருமியைப் பண்ணைகளில் திறந்துவிட எந்த அரசும் எளிதில் ஒப்பாது.

ஒப்பாததற்கு இன்னொரு காரணமும் ஜப்பானிலேயே தெரிந்தது. உயிருள்ள எரிசிபெலஸ் ஊசி போட்ட பண்ணைகளில், மூட்டு வீங்கிய சில பன்றிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை 2004-இல் மரபணு வழியாக ஆராய்ந்தார்கள். அவற்றில் தடுப்பூசிக் கிருமியே இருந்தது. நலிந்தது என்று நம்பியது, எங்கோ ஒரு பன்றியின் மூட்டில் வலுவோடு உட்கார்ந்திருக்கிறது. எரிசிபெலஸ் மனிதருக்கும் தொற்றும்; இறைச்சியும் மீனும் அறுப்பவர்களின் விரல்களில் வீக்கமாக வரும். இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மிகவும் நலிவூட்டினால் தொண்டையில் தங்காது, பாடம் நடக்காது. குறைத்து நலிவூட்டினால் மூட்டுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆய்வாளர்களின் ஆயுள் இந்த இடைவெளியில்தான் போகிறது.

தொட்டியில் நடப்பது

ஆய்வுக்கூடத்தில் மருந்தை அளந்து குட்டியின் வாயில் விடுகிறார்கள். கொட்டிலில் அப்படியா? வாய்வழி மருந்து சந்தைக்கு வந்து பண்ணைகளில் பயன்படும் பன்றி நோய்களும் உண்டு. குடலைத் தாக்கும் லாசோனியா அதில் ஒன்று. நிமோனியாவும் ரத்தநஞ்சும் தரும் ஒருவகை சால்மொனெல்லா இன்னொன்று. அதன் நலிந்த வகையை அமெரிக்காவின் அயோவாவில், பன்றியின் வெள்ளையணுக்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் வளர்த்து 1990-களில் உருவாக்கினார்கள். இம்மாதிரி உயிருள்ள பாக்டீரிய மருந்துகளின் கட்டுப்பாடுகளைப் படித்தால் ஒன்று விளங்கும்: பண்ணையைச் சுத்தமாக வைக்கும் எல்லாமே இந்த மருந்துக்கு எமன்.

குடிநீரில் குளோரின் இருக்கக் கூடாது. இருந்தால் பால்பொடி கரைத்தோ தயோசல்பேட் போட்டோ முறிக்க வேண்டும். மருந்து கொடுக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்புவரை ஆன்டிபயாடிக் ஆகாது. கலந்த மருந்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். உதியன்குளங்கரைப் பக்கம் தீனி என்பது பெரும்பாலும் ஓட்டல் கழிவும் அடுக்களைக் கழிவும். இந்தக் கழிவை ஏற்றிய வண்டிகளைக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் மடக்கும் செய்தி அடிக்கடி நாளிதழில் வருவதுதான். 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தபிறகு, கழிவை நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். சரியான கண்டிப்பு. ஆனால் சூடு ஆறாத அந்தக் கலவையில் உயிருள்ள மருந்தை ஊற்றினால், பன்றிக்குக் கிடைப்பது செத்த கிருமியின் கஞ்சி.

தீனியோடு மருந்து கலப்பதில் நம் பக்கத்திலேயே அனுபவம் இருக்கிறது, பன்றிக்கு அல்ல, நாட்டுக்கோழிக்கு. வெள்ளைக்கழிச்சல் என்று கிராமத்தில் சொல்லும் ராணிக்கெட், கழிச்சல் மட்டுமல்ல. கோழியின் மூச்சையும் நெரிக்கும் நோய். வெயில் தாங்கும் நலிந்த வைரஸ் ஒன்றை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1966-இல் கண்டெடுத்தார்கள். 1980-களில் மலேசியாவில் அதைத் தீனியில் பூசிக் கோழிகளுக்குப் போட்டுச் சோதித்தார்கள். அங்கிருந்து பரவிய யோசனையின் வழியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'டி58' என்ற வெப்பம் தாங்கும் வகையைக் கொண்டு, கோழி கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. ஊசியும் வேண்டாம், ஒவ்வொரு கோழியாகப் பிடிக்கவும் வேண்டாம்.

தீனியில் வைரஸைப் பூசிய ஆய்வுகளில் எதிர்பாராத தடை ஒன்று வந்தது. பச்சைத் தானியங்களில் பூசிய வைரஸ் செயலிழந்துபோனது. தானியத்தின் தோலிலேயே வைரஸை முடக்கும் பொருட்கள் இருந்தன. வேகவைத்த அரிசியில் பூசினால் பிழைத்தது. வைரஸின் வலுவையும் கோழியின் தடுப்பாற்றலையும் பற்றி எழுதிய எந்தப் பாடநூலும் சோற்றைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கவில்லை. மரச்சீனிக்கும் மீன்கழிவுக்கும் நம் கொட்டில்களில் இதே சோதனையைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோழிக்கு இல்லாத சிக்கல் ஒன்று பன்றிக்கு உண்டு. தொட்டியில் தீனி விழுந்ததும் பெரிய குட்டிகள் முட்டித் தள்ளிக்கொண்டு முன்னே நிற்கும். மெலிந்தது பின்னால் நிற்கும். ஏற்கெனவே இருமத் தொடங்கிய குட்டி தொட்டிக்கே வராது. ஆக, மருந்து யாருக்கு அதிகம் தேவையோ அதற்குத்தான் குறைவாகக் கிடைக்கும். இதைச் சரிசெய்ய, எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் வாய் வைக்கும் அளவுக்குத் தொட்டியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். மருந்து ஊற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்தித் தாகமெடுக்க விட வேண்டும். பின்தங்கியவற்றை மட்டும் தனியே பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் ஊற்ற வேண்டும், தொண்டையின் குழிகளை மருந்து நனைத்துப் போகும்படி மெதுவாக.